சந்துக் கடையின் புகைபோக்கி

1970களில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்துகளில் சாப்பாட்டுக் கடை என்றால் விறகடுப்புதான். விறகடுப்பு எரிந்தால் ஓட்டுக்கு மேல் செங்கல் புகைபோக்கி நிற்கும். எங்கள் மொட்டைமாடியில் ஒரு பக்கம் மலைக்கோட்டை தெரியும், இன்னொரு பக்கம் லூர்து அன்னை ஆலயத்தின் கூர்கோபுரம். இரண்டுக்கும் நடுவே சந்துக் கடையின் புகைபோக்கி. 83 மீட்டர் பாறைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் அசிங்கமாக இருந்ததில்லை.

அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல். உச்சியில் இரண்டு வரி செங்கல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாலு பக்கமும் வாய், மழை இறங்காமல் மேலே சரிவாக ஒரு மூடி. பொங்கலுக்கு முன்னால் கொத்தனார் ஏறி, கரி சுரண்டி, கொஞ்சம் நீலம் கலந்த சுண்ணாம்பு அடிப்பார். ஒரே வாரத்தில் வாயோரம் கறுத்துவிடும். "வாய் கறுக்கத்தான் செய்யும் தம்பி, உடம்பு சுத்தமா இருந்தாப் போதும்" என்பார். சிமென்ட் பூச அவர் சம்மதித்ததே இல்லை. சூட்டுக்கு விரிந்து சுருங்கும் செங்கலின் மேல் சிமென்ட் வெடித்துப் பெயரும், சுண்ணாம்பு கொஞ்சம் இடம்கொடுக்கும். அழகு என்ற சொல்லை அந்தக் கடை முதலாளி சொல்லி நான் கேட்டதில்லை.

காஸ் வந்தது, செங்கல் புகைபோக்கிகள் இடிபட்டன. 2021இல் புதுப் பேருந்து நிலையம் திறந்தார்கள். துறையூர், லால்குடி, ஸ்ரீரங்கம் பஸ்களுக்குக் காத்திருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கக்கூடிய கட்டடம். சுற்றிலும் கடைகள் கண்ணாடியும் பளபளப்புத் தகடுமாக முகப்பை மாற்றின. பக்கவாட்டுச் சுவரில் மட்டும் தகரக் குழாய் மூன்று முழங்கை மடங்கி ஏறுகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் எண்ணெய் கசிந்து, சுவர் நெடுகப் பழுப்புக் கோடு. முகப்புக்கு லட்சக்கணக்கில் கொட்டிய கையால் அந்தக் குழாய்க்கு ஒரு பூச்சு அடிக்க முடியவில்லை. எனக்கு இது ஆற்றாமையாகவே இருக்கிறது.

என் அத்தை மகன் சிந்தாமணிப் பக்கம் மெஸ் நடத்துகிறார். அவர் கடைச் சுவரும் அதே கோலம்தான். "ஒரு பிளெக்ஸ் கட்டி மறைச்சிருவோம் மாப்ளே" என்றார். பிளாஸ்டிக் கொடி படரவிடலாம் என்று யாரோ யோசனையும் சொல்லியிருந்தார்கள். "வேண்டாம் அத்தான், உள்ளே படிஞ்சிருக்கிற பிசுக்கு ஒருநாள் பத்திக்கிட்டா பிளெக்ஸ்தான் முதல்ல எரியும்" என்றேன்.

முதலில் முழங்கைகளை எடுத்தோம். மடங்கும் இடத்தில்தான் புகை தயங்கும், பிசுக்கு தங்கும். அடுப்பைக் கொஞ்சம் நகர்த்தியதும் குழாய் இரண்டு சுவர் சேரும் மூலையில் நேராக ஏறியது. கைப்பிடிச் சுவரைத் தாண்டி உயர்த்தியதில் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் புகை போவதும் நின்றது. துத்தநாகம் பூசிய தகரத்தில் சாதாரண பெயின்ட் ஒட்டாமல் உரியும். அதனால் சோப்புத்தூளும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, தகரத்துக்கான பிரைமர் அடித்து, சூடு தாங்கும் பூச்சைச் சுவரின் நிறத்திலேயே கொடுத்தோம். சில்வர் பெயின்ட் அடித்திருந்தால் குழாய்தான் முதலில் கண்ணில் பட்டிருக்கும். பிறகு ஒரு கையகலம் இடைவெளி விட்டு, ஓட்டை ஓட்டையாகச் செங்கல் அடுக்கிக் கூடு எழுப்பி, துப்புரவுக்கு அடியில் ஒரு கதவும் வைத்தோம். உச்சியில் இரண்டு வரி செங்கலை வெளியே நீட்டச் சொன்னது நான்.

கட்டடத்துக்கு முகப்பு வரையும் பொறியாளர் அதே தாளில் புகைக்குழாய் போகும் வழியையும் வரைந்துவிட்டால் இந்த வேலையில் பாதி மிச்சம். யாரும் வரைவதில்லை.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் கிடைத்தார். செங்கல் கூட்டுக்கு முதல் கை அடித்தாயிற்று. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் கலைந்த பிறகுதான் அடுத்த கைக்கு வருவாராம். அதற்குள் குழாயில் வடியும் பிசுக்கைப் பிடிக்கும் தட்டை வாராவாரம் கழற்றிக் கழுவ ஓர் ஆள் போடச் சொல்லியிருக்கிறேன். அத்தான் இன்னும் சம்பளம் பேசிக்கொண்டிருக்கிறார்.