விடுப்பர் மாமாவும் கரண்ட் காரும்

விடுப்பர் என்பது ஆளின் பெயரல்ல, பதவியின் பெயர். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் ஊருக்கு ஒருவராவது இந்தப் பதவியில் இருப்பார். சம்பளம் கிடையாது, ஓய்வூதியம் கிடையாது, ஓய்வும் கிடையாது. யார் வீட்டு மாடு கன்று போட்டது, யார் வளவில் கிணறு வெட்டுகிறார்கள், கட்டாருக்குப் போன பொடியன் ஏன் மூன்று மாதத்தில் திரும்பி வந்தான், எல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்ததை வைத்து யாருக்கும் கெடுதல் செய்யமாட்டார். தெரியாமல் போனால்தான் கெடுதல். அன்றிரவு அவருக்குச் சோறு இறங்காது.

சித்தாண்டியில் இந்தப் பதவியை வகிப்பவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். உறவு தேடினால் எட்டு வீடு தாண்டித்தான் கிடைக்கும். ஆனாலும் அவர் என்னை “மருமோன்” என்றே கூப்பிடுவார். அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. தம்பி என்று கூப்பிடுகிறவரைத் தலையாட்டிவிட்டுக் கடந்து போகலாம். மருமகன் என்று கூப்பிடுகிறவருக்கு நின்று பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

திருகோணமலை வீதியோரம் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ஒரு வேப்பமரம். மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, நாலாவது கால் கம்பியால் கட்டியது. அதுதான் அவருடைய கந்தோர். வெள்ளென வயலைப் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கு வந்து அமர்ந்தாரென்றால், செங்கலடிப் பக்கமிருந்து வருவதும் கிரான் பக்கமிருந்து வருவதும் அவருக்குத் தப்பிப் போக முடியாது. தலையை நிமிர்த்தவும் மாட்டார். காதாலேயே பதிவு செய்வார். “இது வட்டவிதானையார்ர லான்ட்மாஸ்டர்.” “இது வாழைச்சேனை மீன் லொறி. சைலன்சர் இன்னும் மாத்தல்ல.”

இப்படிப்பட்ட மனிதரின் முதுகுக்குப் பின்னால் ஒருநாள் ஒரு கார் சத்தமே இல்லாமல் வந்து நின்றது. என் குற்றம் கரண்ட் கார் வாங்கியது அல்ல, அவர் காதில் விழாமல் வந்ததுதான்.

“என்ன மருமோன், தள்ளிக்கொண்டா வந்தீங்க?”

விசாரணை அன்று தொடங்கியது.

கார் ஜப்பானிலிருந்து வந்திறங்கி, இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் மாமா கம்பனிக்கும் கேள்வி அனுப்புவார். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் இலங்கையில் பழைய கார் என்று ஒன்று இருக்கவில்லை. விற்கிறவர் வாயில் எல்லாமே “நல்ல கார்” ஆகிவிட்டன. என் கையிலிருந்த காசுக்கு அகப்பட்ட நல்ல கார் இது.

விடுப்பரின் கேள்விகளுக்குப் பூசை போல ஒரு வரிசை உண்டு. முதலில் காரை ஒருமுறை வலம் வருவார். பிறகு டயரில் ஓர் உதை. அதுவும் எல்லா வண்டிக்கும் உள்ள ரப்பர்தான் என்று கால் சொன்ன பிறகே வாய் திறக்கும்.

“எவ்வளவு ஓடும்?”

“எண்பது கிலோமீற்றர் மாமா.”

“அப்ப கொழும்புக்குப் போகேலாது.”

இது கேள்வியல்ல, தீர்ப்பு. சித்தாண்டியிலிருந்து கொழும்பு கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீற்றர். மாமா தம் ஆயுளில் கொழும்பைக் கண்டது இரண்டு தரம். ஒருதரம் கண் ஒப்பரேசனுக்கு, மற்றத்தரம் மகனைக் கட்டாருக்கு ஏற்றிவிட. இரண்டு தரமும் பஸ்ஸில். நான் தினமும் போவது மட்டக்களப்புக்கு. போக இருபது கிலோமீற்றர் சொச்சம், வர இருபது சொச்சம். அதெல்லாம் கணக்கில் வராது. கொழும்புக்குப் போகாத கார், மாமாவைப் பொறுத்தவரை, எங்கேயும் போகாத கார்.

அடுத்தது மழை. “நனைஞ்சா கரண்ட் அடிக்காதா?” இந்தக் கேள்வியை மட்டும் நான் சிரித்துத் தள்ளுவதில்லை. எங்கள் பக்கத்தில் மார்கழி என்றால் திருவெம்பாவைக்கு முன்னால் வெள்ளம் வந்துவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தை இன்னும் ஊர் மறக்கவில்லை. பற்றரிப் பெட்டி தண்ணீர் புகாமல் இறுக்கி மூடியது என்று விளக்கினேன்.

“அது உங்களுக்குத் தெரியும். தண்ணிக்குத் தெரியுமா?”

மூன்றாவது பற்றரி. “பற்றரி போனா மறுகா என்ன செய்வீங்க? புதுசு எவ்வளவு?” ஒரு பலவீனமான நேரத்தில் விலையைச் சொல்லிவிட்டேன். மாமா கடைப்பக்கம் கிறுகி, “கேட்டீங்களா? அதுக்கு ஓட்டோ ஒண்டு வாங்கலாம்!” என்றார். அந்த விலை கடையிலிருந்து சந்தைக்குப் போய்ச் சேருமுன் இரண்டு மடங்கானது. செங்கலடிக்குப் போனபோது அங்கே ஒருவர் என்னிடமே கேட்டார்: “சித்தாண்டியில யாரோ பற்றரிக்காக வயல வித்திட்டாராமே?”

மாமாதான் தலைமை. கிளைகளும் உண்டு. பக்கத்து வீட்டுப் பெத்தாவை வைத்தியசாலைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். ஏறாவூர் தாண்டும்போது, “ஏன் மனே இன்னும் ஸ்டார்ட் பண்ணல்ல?” என்றா. கராஜ் பாஸ் பொனெற்றைத் திறந்து பார்த்துவிட்டு, செத்த வீட்டில் நிற்பவர் போல் மெல்ல மூடினார். ஒயில் இல்லை, பிளக் இல்லை, கார்பரேற்றர் இல்லை. அவருக்கு அங்கே ஒரு சோலியும் இல்லை. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகப் பொடியன் ஒருவன், “அண்ணே, நுரைச்சோலையில நிலக்கரி எரிச்சு வாற கரண்ட்தானே இது?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. 900 மெகாவாட் நிலையம் அது. நம் நாட்டுக் கரண்டில் மலைநாட்டு நீரும் ஒரு பங்கு, கரியும் ஒரு பங்கு என்று நான் விளக்க, மாமாவின் காதுக்குக் கரி மட்டும் எட்டியது. மறுநாள் வழிமறித்தார். “மருமோன், உங்கட கார் கரியில ஓடுதாம்? கோச்சி மாதிரியா?”

ஒன்றைக் கவனித்தேன். மாமா நல்லதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. சரி, கேட்காததை நாமே சொல்வோம் என்று ஒருநாள் ஆரம்பித்தேன். வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போய் நிற்கத் தேவையில்லை என்றேன். “புகையப் பாக்காம எஞ்சின்ட சுகம் எப்படித் தெரியும்?” என்றார். சத்தம் இல்லை என்றேன். “அதாலதான் றோட்டில படுத்திரிக்கிற மாடு எழும்புதில்ல” என்றார். அது உண்மை. அந்தி சாய்ந்தால் எங்கள் வீதி மாடுகளுக்குச் சொந்தம். ஐரோப்பாவில் 2021 முதல் புதிய மின்சாரக் கார்கள் மெதுவாகப் போகும்போது செயற்கையாகச் சத்தம் எழுப்ப வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதைச் சொன்னது என் பிழை. “பாத்தீங்களா, வெள்ளைக்காரன் காசு குடுத்துச் சத்தம் வாங்குறான். நீங்க இரிந்த சத்தத்த வித்திட்டு வாறீங்க.”

“இதெல்லாம் நேத்து வந்த சாமான், நிலைக்காது” என்று ஒருநாள் அடித்துச் சொன்னார். கொழும்பு வீதியில் 1960 வரை மின்சார ட்ராம் ஓடியதைச் சொன்னேன். அதற்கும் முன்னால், 1899இல், பாரிசுக்குப் பக்கத்தில் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய காரே ஒரு மின்சாரக் கார் என்றேன். பெல்ஜியத்துக்காரர் கமீல் ஜெனாட்சி ஓட்டியது. பெயர் ‘லா ஜமே கொந்தாந்த்’. ஒருநாளும் திருப்திப்படாதவள் என்று அர்த்தம். மாமா சற்று யோசித்தார். “பெயர் நல்லா இரிக்கி. அது கொழும்புக்குப் போகுமா?”

எனக்கும் பொறுமை போனது. 2022இன் பெற்றோல் தட்டுப்பாட்டை எடுத்து வைத்தேன். அந்த வருடம் மாமா தம் மோட்டார் சைக்கிளோடு பெற்றோல் செட்டில் இரண்டு இரவு படுத்தவர். பிறகு கியூஆர் அட்டை வந்து, கிழமைக்கு நாலு லீற்றருக்குக் கைபேசியை நீட்டியவர். “அப்ப நீங்க யாரிட்டயாவது, பெற்றோல் முடிஞ்சா என்ன செய்வீங்க எண்டு கேட்டீங்களா மாமா?”

அவர் கோபப்படவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார். “அது ஊரோட வந்தது மருமோன். ஊரோட வாறது கஷ்டமில்ல. வரிசையில ஆள் இரிந்திச்சி, கதை இரிந்திச்சி, தேத்தண்ணி இரிந்திச்சி. இது உங்களுக்கு மட்டும் வாறது. நடு றோட்டில நிண்டா நீங்க மட்டும்தான் நிப்பீங்க.”

அன்று நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில் நாடு முழுவதும் கரண்ட் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மாட்டியதுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். “முந்தி வந்த குரங்கு இலங்கையக் கொளுத்திச்சி, இது அணைச்சிட்டு” என்று கடையில் ஒரே சிரிப்பு. மாமா சிரிக்காமல் நேரே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். இந்த நாளுக்காகத்தானே அவர் காத்திருந்தது!

“நாடு முழுக்கக் கரண்ட் இல்ல. இப்ப என்ன செய்வீங்க?”

முதல் நாள் இரவே கார் முழுதாக ஏறியிருந்தது. அந்தத் தெருவில் கரண்ட் இருந்த ஒரே இடம் அதுதான். மாமாவின் கைபேசியும் செத்துக் கிடந்தது. பிற்பகல் கட்டாரிலிருந்து மகன் எடுப்பான். காருக்குள் இருந்த சொக்கற்றில் மாட்டிக் கொடுத்தேன். ஒரு மணித்தியாலம் முன் சீற்றில் இருந்தார். இறங்கும்போது கேட்டார்: “இதால கார் பற்றரி குறைஞ்சிராதா?”

கடைசியில் அவர் எதிர்பார்த்த நாள் வந்தே விட்டது. ஆடி மாதம். கச்சான் காற்று அனலாக அடிக்கிற காலம். வாகரையில் ஒரு கலியாணம். காரின் கொள்ளளவிலிருந்து போகவர உள்ள தூரத்தைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் கிட்டத்தட்டப் பூச்சியம். ஆனாலும் போனேன். மனிசி பட்டுச் சேலையில் வியர்க்கிறாவே என்று குளிரூட்டியையும் போட்டேன். பிழை முழுக்க என்னுடையது. திரும்பி வரும்போது சந்திவெளி தாண்டியதும் டாஷ்போர்டில் ஆமைப் படம் ஒன்று பற்றியது. கரண்ட் தீரப்போகிறது, இனி ஆமை வேகம்தான் என்று அதற்கு அர்த்தம். கொஞ்ச நேரத்தில் ஆமையும் நின்றுவிட்டது. இரவு எட்டு மணி. வீட்டுக்கு நாலு கிலோமீற்றர்.

யாருக்கும் கோல் எடுக்கவில்லை. இருபது நிமிடத்தில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. பெட்டியில் மாமா. கையில் கயிறு. புத்தம் புதுக் கயிறு, கடைச்சீட்டுக்கூடக் கிழியாதது. எப்போது வாங்கி வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

“கட்டுங்க, இழுப்பம்.”

“மாமா, இந்தக் காரைக் கயிறு கட்டி இழுக்கப்படாது. முன் சில்லு உருண்டா மோட்டரும் சேர்ந்து சுத்தும், பழுதாப் போயிரும்.”

இருட்டிலும் அவர் முகம் மலர்ந்ததைக் கண்டேன். “கட்டி இழுக்கவும் ஏலாதா!” இத்தனை மாத விசாரணையில் முதல் முறையாக அசல் குற்றம் ஒன்று கையும் களவுமாக அகப்பட்டிருக்கிறது.

ஆனால் அடுத்த நிமிடமே விடுப்பர் வேலைக்கு இறங்கினார். வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். “அந்தா, பச்சைக் கேற் போட்ட வளவு. அவர்ர மகன் வெல்டிங் பழகினவன், பெரிய பிளக் பொருத்தியிரிக்காங்க. போன வருசம் கேட்டனான்.” நாலு பேராகக் காரை அந்த வளவுக்குள் தள்ளினோம். பிளக் இருந்தது. வயர் எட்டியது. பச்சை வெளிச்சம் மினுங்கியது.

அந்த வீட்டார் கதிரை போட்டு, பிளேன்டி கொடுத்தார்கள். மனிசி உள்ளே பெண்களோடு. முற்றத்தில் நானும் மாமாவும். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெகுநேரம் கழித்துத் தானாகச் சொன்னார்: “ரெண்டாயிரத்து இருவத்திரெண்டில, வங்கியால டொலர் அனுப்புறவங்க கரண்ட் வாகனம் இறக்கலாமெண்டு அரசாங்கம் சொன்னது. மகன் கேட்டவன், அப்பா உங்களுக்கு ஒண்டு அனுப்பட்டா எண்டு. வயசான காலத்தில வழியில நிண்டா யாரிட்டப் போறது எண்டு, நான் வேணாமெண்டிட்டன்.”

பிறகு எழுந்து, கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டு மீற்றரைப் பார்க்கப் போனார். வந்தவுடனேயே ஒருதரம் பார்த்து வைத்திருந்திருக்கிறார். திரும்பி வந்து என்னருகே குனிந்து, ரகசியம் போலச் சொன்னார்: “நாலு யூனிற்தான் மருமோன்.”

இப்போது வேப்பமரத்தடியில் என்னை யாரும் மறிப்பதில்லை. கேள்விகளை மாமாவே வாங்கிக்கொள்கிறார். ஒரு யூனிற்றுக்கு ஆறு கிலோமீற்றர், மழைக்குப் பயமில்லை, ஒயில் தேவையில்லை, கட்டி இழுக்கப்படாது என்று கணக்குப் பிசகாமல் சொல்கிறார். முடிவில் மட்டும், “ஆனா கொழும்புக்குப் போகேலாது” என்று ஒன்று சேர்த்துக்கொள்வார். அதுவும் பிசகில்லை.

கரண்ட் கார் வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பற்றரியின் வயதைப் பாருங்கள். வீட்டு வயரிங்கைப் பாருங்கள். தினம் போகவர உள்ள தூரத்தைப் பாருங்கள். கடைசியாக, உங்கள் வீதியோரம் ஒரு விடுப்பர் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாத ஊரென்றால் பெற்றோல் காரே வாங்குங்கள்.