ஏழடிக் கராஜில் ஜீப்பின் டொப்

கேள்வி: ராங்ளர் ஜீப்பின் ஹார்ட்டொப்பைக் கழற்றி, கராஜ் சீலிங்கில் கப்பி கட்டித் தொங்கவிடலாமா? உயரம் ஏழடிதான்.
- ஒரு வாசகர், ஒருகொடவத்தை

பதில்: வேண்டாம். தொங்கவிட்டால் டொப் உள்ளே இருக்கும், ஜீப் வீதியில் நிற்கும். டொப்பின் ஓரம் ரோல்பாருக்கு மேலே எழும்பினால்தான் வண்டியைத் தடையின்றி எடுக்கலாம். ஏழடியில் அது கிடைக்காது. நாலு கதவு வண்டியென்றால் டொப் 60 கிலோவைத் தாண்டும். தலைக்கு மேலே அவ்வளவு பாரம் எதற்கு?

சுவரைப் பாருங்கள். கொழும்பில் தரைக்குத்தான் சண்டை, சுவர் சும்மா கிடக்கிறது! வெல்டிங் கடையில் சில்லு பூட்டிய இரும்புத் தாங்கி செய்வித்து, டொப்பை நிமிர்த்தி வைத்து, பட்டியால் சுவரோடு கட்டுங்கள். பாரம் கண்ணாடியில் விழவே கூடாது. ஓர இறப்பருக்குச் சிலிக்கன் கிரீஸ் பூசுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. அப்போது டொப் வண்டியிலேயே இருக்கட்டும். 2016 மேயில் களனி கங்கை பெருகி, உங்கள் அயலில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி வீடுகளுக்குள் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆக, உங்கள் பிரச்சினையில் பாதியை வானமே தீர்த்துவிடுகிறது.

கழற்றுமுன் பின்கண்ணாடி வயரையும் வைப்பர் தண்ணீர்க் குழாயையும் பிடுங்குங்கள். தூக்க நாலு பேர் வேண்டும். அன்றைய பகல் சாப்பாடு உங்கள் பொறுப்பு.