பாடும் மீனைப் படம்பிடித்தற்பொருட்டுக் கமராத் தெரிவு: ஒரு நீராய்வு

மட்டக்களப்பு வாவியில் பாடுவது மீனா, ஊரி எனும் நீர்நத்தையா என்ற வழக்கு நெடுங்காலமாகத் தீர்ப்பின்றிக் கிடக்கிறது. 1848இல் இங்கு வந்த குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட், இரவில் தோணிப் பலகையில் காதை வைத்துக் கேட்டு, ஊரியின் பக்கம் சாய்ந்தார். ஊர்க்காரர் மீனின் பக்கம். 'மீன்பாடும் தேன்நாடு' என்று பட்டம் சூட்டிக்கொண்ட ஊர் இனி ஊரிக்குக் கட்சி மாறுவதெப்படி? கண்கண்ட சாட்சி இல்லாததே குறை. ஆகவே, ராஸ்பெரி பை எனும் உள்ளங்கைக் கணினியில் பூட்டும் கமராவைக் கல்லடிப் பாலத்தின் கீழ் இறக்கிச் சாட்சி சொல்லவைக்கலாம் என்பது நம் துணிபு. எந்தக் கமரா என்பதே ஆராய்ச்சி.

2013இல் வந்த 5 மெகாபிக்சல் கமரா முதனூல். அதை வணங்கிவிட்டு மேலே செல்வோம். 2020இன் 'உயர்தர' கமராவுக்கு வில்லையைத் தனியாக வாங்கவேண்டும். தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணுக்கு வேறாக விலை கேட்கும் வணிகம் நமக்கு உவப்பன்று. விரைந்தோடுவதைச் சிதையாமல் பிடிக்கும் 'குளோபல் ஷட்டர்' வகையோ நடுநிலை ஆய்வுக்கே ஆகாது. அதை வாங்குபவர் மீன் கட்சி என்பது வெளிப்படை. ஊரிக்கு எந்த ஷட்டரும் போதும்.

எஞ்சியவை இரண்டு: 2016இன் 8 மெகாபிக்சல் இரண்டாம் பதிப்பு, 2023இன் 12 மெகாபிக்சல் மூன்றாம் பதிப்பு. பின்னது தானே குவியம் தேடிக்கொள்ளும். தெளிந்த நீரில் இது சிறப்பு. நம் வாவியில், கண்ணெதிரே மிதக்கும் சேற்றுத் துணுக்கு ஒவ்வொன்றையும் அது பாடகராகக் கருதி உற்று நோக்கும். அதன் 75 பாகைப் பார்வையும், தட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நீரில் இறக்கினால், ஒளிமுறிவால் சுமார் 54 பாகையாகச் சுருங்கும். அதிலேயே 120 பாகை அகன்ற பார்வை வகையை வாங்கியவருக்கு 81 மிஞ்சும். இரண்டாம் பதிப்பின் வில்லையைக் கையால் திருகி, ஒரு சாண் தூரத்தில் நிறுத்திவிடலாம். அதற்கப்பால் எப்படியும் ஒன்றும் தெரியாது.

பாட்டுக்குப் பேர்போனது பூரணை இரவு. வெள்ளை விளக்கைக் கொளுத்தினால் பாடகர் வாயை மூடிவிடலாம் என்றஞ்சுவோர் அகச்சிவப்பு வடிகட்டியில்லாத 'நோ ஐஆர்' வகையைப் பரிந்துரைப்பர். நீர் இடம் கொடுக்காது. அகச்சிவப்பு ஒளி ஒரு மீற்றர் போவதற்குள் ஏறத்தாழ முழுதும் உறிஞ்சப்பட்டுவிடும்.

இவ்வளவும் உபவிடயம். ஆய்வின் உயிர்நிலை, கமராவையும் கணினியையும் இணைக்கும் வெள்ளை நாடாவில் இருக்கிறது. கடதாசித் தடிப்பு, மடித்தால் முறியும். ஒரு முனையில் 15 முள். பை 5, பை சீரோ வாங்கியவருக்கு மறுமுனையில் 22 முள் வேண்டும்; அதற்கு வேறு நாடா. பொறுமையாக வாசித்துவந்தவர் இனிக் கவனிக்க: பெட்டியோடு வரும் நாடாவின் நீளம் 15 முதல் 20 சென்ரிமீற்றர். பாலத்துக் கைப்பிடியிலிருந்து நீர் எத்தனை முழம் கீழே என்று மட்டக்களப்பாருக்குச் சொல்லவேண்டியதில்லை. எனவே கமரா வாவிக்குள் இறங்கினால் கணினியும் கூடவே இறங்கவேண்டும், மின்கலமும் இறங்கவேண்டும். ஆய்வாளர் மட்டும் மேலே நிற்கலாம்.

இதையெல்லாம் தோணிக்கார ஐயா ஒருவரிடம் விளக்கினேன். வலையிலிருந்து நண்டைக் கழற்றியபடி கேட்டார்: "பாட்டக் கேக்கத்தானே மனே போறீங்க? அதுக்கு என்னத்துக்குக் கண்ணு?"

இந்த ஆட்சேபத்தை விரிவாக மறுக்க எண்ணியிருந்தேன். ஆனால் மேற்சொன்ன கமரா ஒன்றுக்கும் காது கிடையாது. பையிலும் ஒலிவாங்கி செருகத் துளையில்லை. யூஎஸ்பி போன்ற வேறு வழியில்தான் பூட்டவேண்டும். மிக்கேல் கல்லூரியின் லாங் அடிகளார் 1950களில் இவ்வொலியைப் பதிவுசெய்தபோது மெகாபிக்சலைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தோணிக்காரரோ துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு, மறுமுனையைக் காதில் வைப்பார். முள் கணக்கே இல்லை.

முடிபு: இரண்டாம் பதிப்பை வாங்குக. ஒலிவாங்கித் தெரிவு இவ்வாய்வின் இரண்டாம் பாகமாக வெளிவரும். துடுப்பை இரவல் கேட்டிருக்கிறேன். நண்டு விற்று முடியட்டும் என்றார்.