மே மாதம் பசிக்காது

பகுதிநேர ஆசிரியருக்கு மே மாதம் பசிக்காது. தமிழ்நாடு அரசு 2012-இல் கண்டுபிடித்த உடலியல் உண்மை இது. அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், உடற்பயிற்சி, கணினி சொல்லித்தர 16,549 பேரை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அன்றைய ஏற்பாட்டில் ஏப்ரலோடு சம்பளம் நிற்கும். ஜூனில் பள்ளி திறந்ததும் வயிறும் திறக்கும். வீட்டுக்காரருக்கும் மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் இந்த விஞ்ஞானம் எட்டவில்லை. ஆட்சி மாறிற்று, சம்பளம் கொஞ்சம் ஏறிற்று, பத்தாண்டு தாண்டியும் மே மட்டும் அசையவில்லை.

முழுநேர வேலை என்றால் விமோசனமா? 2009 மே 31-க்குள் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. அந்த நள்ளிரவில் கிழிந்தது காலண்டர் தாள் ஒன்றுதான். கூடவே 3,170 ரூபாயும் கிழிந்து போனது. இருவருக்கும் ஒரே படிப்பு, ஒரே சாக்பீஸ், ஒரே ‘அ’னா ‘ஆ’வன்னா. வருகைப் பதிவேட்டில் ஒருவர் கையெழுத்துக்கு அடியிலேயே மற்றவர் கையெழுத்து.

2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. எண் 181: பகுதிநேரத்தாருக்கு நிரந்தரம். எண் 311: சம வேலைக்குச் சம ஊதியம். எண்களில் குறையே சொல்ல முடியாது. 2022 டிசம்பர் கடைசியில் இடைநிலை ஆசிரியர்கள் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. வரிசையாக மயங்கி விழுந்தவர்களுக்குப் புத்தாண்டன்று அரசு ஊட்டியது, மூவர் குழு.

பெரிய சங்கங்கள் எங்கே என்கிறீர்களா? ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்து ஊரையே உலுக்கியது. முழக்கம் பழைய ஓய்வூதியம். இடைநிலை ஆசிரியர் சம்பளமும் பட்டியலில் இருந்தது, பட்டியலில்தான் இருந்தது. ஓய்வூதியம் கேட்பது தவறில்லை, ஆனால் மே மாதத்தைத் தாண்ட முடியாதவனுக்கு அறுபது வயது ரொம்ப தூரம். அன்றைய அரசோ அசராமல், மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர் எடுக்கிறோம் என்றது. வாத்தியாரின் சந்தை விலை இவ்வளவுதான் என்று கடைத்தெருவில் நின்று கூவுகிற அரசை வேறெங்கே பார்ப்பது!

“வாங்குற சம்பளத்துக்குப் பாடம் நடத்துறாங்களா?” என்று டீக்கடையில் பொங்குகிறவரின் பிள்ளை தனியார் பள்ளி வேனில் போகிறது. அங்கே மிஸ்ஸுக்கு என்ன சம்பளம் என்று அவர் கேட்டதே இல்லை. தன் பிள்ளையையும் அதே வேனில் ஏற்றிவிட்டு மாநகராட்சிப் பள்ளிக்கு ஸ்கூட்டரில் விரைகிற ஆசிரியரும் உண்டு. வடசென்னை வியாசர்பாடிப் பிள்ளைக்கு வேன் கிடையாது. ஓவிய வாத்தியாரும் அரை அரை நாளாகத்தான் வருவார். அதைக் கேட்க எந்தப் பந்தலிலும் நாற்காலி இல்லை.

உத்தரப் பிரதேச அதிகாரிகள், மக்கள் பிரதிநிதிகளின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015-இல் உத்தரவு போட்டது. அந்த உத்தரவுக்காக எந்தக் கலெக்டர் வீட்டுப் பிள்ளையும் பள்ளி மாறிய சேதி இல்லை. வழக்குப் போட்ட ஆசிரியருக்கு வேலை போனது.