கடல் காணாத கடலோடி

சமுத்திரப் பிரயாணம் செய்தவனுக்குச் சாஸ்திரங்கள் எதற்காகத் தோஷம் விதித்தன என்பதைப் பற்றிப் பண்டிதர்களுக்குள் பல அபிப்பிராயங்கள் உண்டு; ஆனால், ஏழு நாள் சமுத்திரத்தின் மீதே இருந்தும் அதை ஒரு தடவைகூட ஏறெடுத்துப் பாராதவனுக்கு அந்தத் தோஷம் ஒட்டுமா, ஒட்டாதா என்ற கேள்வி எந்தப் பண்டிதருக்கும் எழுந்திருக்க நியாயமில்லை. எனக்கு எழுந்தது. ஃப்ளோரிடாவில் உத்தியோகம் பார்க்கும் என் மாப்பிள்ளை, மாமனாருக்கு விசேஷ உபசாரம் ஒன்று செய்துவிட வேண்டுமென்ற நல்லெண்ணத்தோடு, போர்ட் எவர்கிளேட்ஸ் துறைமுகத்தில் என்னைக் குடும்ப சகிதம் ஓர் உல்லாசக் கப்பலில் ஏற்றினார். அந்தக் கப்பலில் ஓஹையோ மாகாணத்துக் கனவான் ஒருவரை நான் சந்திக்க நேர்ந்தது.

ஓஹையோக்காரர் என்று சொல்கிறேனே தவிர, இவரை ஒரு தனி மனிதராக நினைத்துவிடக் கூடாது. கரீபியன் கடலில் ஓடும் கப்பல் எதுவானாலும் அதில் இவர் இருப்பார். ஊரும் பேரும் மாறலாம், தொப்பி மாறாது. வயது அறுபதுக்கு மேல். சூரியன் எட்டிப் பார்க்க முடியாத கூடத்துக்குள் கறுப்புக் கண்ணாடி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே குளிர்சாதன யந்திரத்துக்குப் பயந்து முழுக்கைக் கம்பளிச் சட்டை. அதன் பையில் பழைய வெள்ளி டாலர் ஒன்று. இவருடைய ஜீவனம் ஓய்வூதியம்; தவம் போக்கர் சீட்டாட்டம். 2003-ஆம் ஆண்டில், டென்னஸி மாகாணத்துக் கணக்கர் ஒருவர், பணம் பண்ணுகிறவர் என்று பொருள்படும்படி மணிமேக்கர் என்றே குடும்பப் பெயர் வாய்த்தவர், 86 டாலர் கட்டி இணையத்தில் ஒரு போட்டியில் ஜெயித்து, அதன் பலனாக 839 பேர் கலந்துகொண்ட லாஸ் வேகஸ் உலகப் போட்டியில் இடம் பெற்று, அதையும் ஜெயித்து 25 லட்சம் டாலரோடு வீடு திரும்பியதைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்றே இந்த வியாதி தம்மைப் பற்றிக்கொண்டதாக அவர் சொன்னார். அந்த வருஷம் அமெரிக்காவில் அப்படிப் பற்றியவர்கள் ஏராளம். மணிமேக்கர் என்ற பெயர் தமக்கு இல்லை என்பதை மட்டும் அவர்களில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவரை நான் முதலில் பார்த்தது மேல்தளத்தில். அந்தத் தளத்தில் அவரை யாருமே பார்த்தது அந்த ஒரு மாலைதான். கப்பலில் போக்கர் மேஜை ஒன்றே ஒன்று. நாலைந்து பேராவது சேராவிட்டால் சீட்டுப் போட மாட்டார்கள். ஆகையால், கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் திரட்டுகிற பெரியவரைப் போல, நீச்சல் குளத்தின் ஓரத்திலும், பலகாரக் கூடத்திலும், லிஃப்டுக்குள்ளும் அகப்பட்டவர்களையெல்லாம் அவர் விசாரித்துக்கொண்டு வந்தார். நானோ, அந்தி வெயிலில் கடல் பொன்னாக உருகுவதைக் கண்டு மெய்மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்கள் சீட்டு ஆடுவதுண்டா?"

"முன்னூற்றி நாலு ஆடுவேன்" என்றேன், உள்ளதை உள்ளபடி.

அது இன்னதென்று அவருக்குத் தெரியாது. ஆயினும் அவர் முகத்தில் அப்போது ஒரு பிரகாசம் உண்டாயிற்று. அது, கெண்டை துள்ளுவதைக் கண்ட கொக்கின் முகப் பிரகாசம் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. ஏனெனில், ஆட்டம் தெரியாமல் பணத்தோடு வந்து உட்காருகிறவனுக்கு இவர்களுடைய பரிபாஷையில் 'மீன்' என்று பெயர். கரையிலே மீன் அருகிவிட்டது, லாஸ் வேகஸில் ஆளுக்கு நாலு புத்தகம் படித்துவிட்டு வந்து ஆடுகிறார்கள், ஆனால் கப்பலிலோ விடுமுறைக்கு வந்தவர்கள், மது அருந்தியவர்கள், மனைவியிடமிருந்து சற்று நேரம் தப்பி வந்தவர்கள்தாம் உட்காருவார்கள், தோற்றாலும் சுற்றிலும் தண்ணீராகையால் எங்கும் ஓடிவிட மாட்டார்கள் என்பது நம் கனவானுடைய சித்தாந்தம். இதை அவர் பரம ரகசியமாக என்னிடம் சொன்னார். மறுநாள் காலையில் டெக்ஸாஸ்காரர் ஒருவர் இதையே பரம ரகசியமாகச் சொன்னார். அதற்கு மறுநாள் கனடா தேசத்துப் பல் வைத்தியர் ஒருவர் சொன்னார். மூவரும் மற்ற இருவரையுமே மீன் என்று ஜாடை காட்டினார்கள்.

வலை வீசுகிறவர் உண்மையில் யார் என்பதைக் கண்டுபிடிக்கச் சீட்டு ஞானம் வேண்டியதில்லை. பெருக்கல் வாய்ப்பாடு போதும். போக்கரில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்கிறார்கள். இடம் கொடுத்தவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவே குவிந்த பணத்திலிருந்து மகமை எடுத்துக்கொள்கிறார். லாஸ் வேகஸிலும் நூற்றுக்குப் பத்து என்ற மகமை உண்டென்றாலும், அங்கே அது சில டாலரோடு நின்றுவிடுவது வழக்கம். எங்கள் கப்பலில் அந்த உச்சவரம்பு, பாய்மரத்தின் உச்சியைப் போல அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் இருந்தது. எட்டுப் பேர் ஆளுக்கு 200 டாலரோடு உட்காருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் 1,600 டாலர். மணிக்கு 20 ஆட்டம், ஆட்டத்துக்குச் சராசரி 40 டாலர் குவிகிறதென்றால், மணிக்கு 80 டாலர் மேஜையின் துவாரத்து வழியாகக் கீழே மாட்டியிருக்கும் பெட்டிக்குள் போய்விடும். இருபதே மணி நேரத்தில் எட்டுப் பேருடைய பணமும் உண்டியலில் சேர்ந்துவிடும்; எட்டுப் பேரும் தங்களுக்குள் மீன் யார் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

போக்கருக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. நியூ ஆர்லியன்ஸ் பட்டணத்திலிருந்து மிஸிஸிப்பி நதியில் நீராவிப் படகுகள் ஓடத் தொடங்கிய காலத்தில், இந்த ஆட்டமும் அவற்றில் தொற்றிக்கொண்டே உள்நாட்டுக்குள் பரவியது. அந்தப் படகுகளில் பிழைப்பு நடத்திய ஜார்ஜ் டெவால் என்பவர், தாம் யார் யாரை எப்படியெப்படி ஏமாற்றினார் என்பதை 1887-ஆம் ஆண்டில் ஒரு புத்தகமாகவே எழுதி வெளியிட்டார்; சுயசரிதை எழுதுவோரிடம் இவ்வளவு சத்தியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. 1938-இல் டோனி கார்னெரோ என்ற ஆசாமி, மூன்று மைலுக்கு அப்பால் சர்க்காரின் கை நீளாது என்ற தைரியத்தில், கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா கரைக்கு எதிரே 'ரெக்ஸ்' என்ற சூதாட்டக் கப்பலை நங்கூரம் பாய்ச்சி நிறுத்தினான். மறு வருஷம் அதிகாரிகள் படகேறிப் பிடிக்க வந்தபோது, குழாய்களைத் திருப்பி அவர்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தான்.

இன்று அந்த வீரப் பிரதாபங்களுக்கு அவசியமில்லை. பெரும்பாலான தேசங்கள் கரையிலிருந்து 12 கடல்மைல் தூரத்தைத் தங்கள் ஜலப் பரப்பாகக் கொள்வதால், கரை நெருங்கினால் கஸினோவை மூடுவதும், விலகினால் திறப்பதுமாகக் காரியம் சாத்விகமாக நடக்கிறது. பழைய காலத்து மாலுமிக்குத் தூரத்தில் விளக்குத் தெரிந்தால் கரை நெருங்கிவிட்டதென்று அர்த்தம்; நம் கனவானுக்கு விளக்கு அணைந்தால் கரை நெருங்கிவிட்டதென்று அர்த்தம். கொஸுமெல் தீவு என்பது அவர் வரையில் பத்து மணி நேர விரயம். கிராண்ட் கேமன், ஒன்பது மணி நேரம். அவருடைய தர்மபத்தினி மாத்திரம் தொப்பியும் காமெராவுமாகத் தீவு தவறாமல் இறங்கிப் பார்த்து வருவார். கேமனில் முழங்காலளவு தண்ணீரில் நின்று திருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்த அந்த அம்மாள், சாப்பாட்டு மேஜையில், "இன்றைக்கு எவ்வளவு பெரிய மீன் பார்த்தேன், தெரியுமா?" என்று ஆவலோடு தொடங்கியபோது, அவர் சட்டென்று தலை நிமிர்ந்து, "எந்த மேஜையில்?" என்று கேட்டார்.

இரண்டாம் நாள் இரவு நானும் அந்த மேஜையில் உட்கார்ந்தேன். 'சிப்ஸ்' வாங்கிக்கொள்ளுங்கள் என்றதும் நேந்திரங்காய் வறுவலை நினைத்துக்கொண்ட எனக்கு முன்னால், நூறு டாலருக்கு வர்ண வர்ணமாக வில்லைகளை அடுக்கினார்கள். ஆட்டம் டெக்ஸாஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டைக் கவிழ்த்துக் கொடுப்பார்கள். பிறகு பொதுவில் ஐந்து சீட்டை மலர்த்துவார்கள். அவற்றில் கடைசிச் சீட்டுக்கு 'நதி' என்று பெயர். நான் பத்து டாலர் இழந்திருந்த சமயத்தில் எனக்குக் கிளாவர் ஏழும் டைமன் இரண்டும் வந்தன. இதைவிட உதவாக்கரைச் சீட்டு அந்த ஆட்டத்தில் கிடையாது என்பது அதன் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியை நான் வாசித்தவனல்ல. எதிரே நம் கனவான் தம்முடைய இரண்டு சீட்டின் மூலையையும் கட்டைவிரல் நகத்தால் கால் அங்குலம் நிமிர்த்தி, ஒரே ஒரு தரம் பார்த்து, வெள்ளி டாலரை அவற்றின் மேல் பாரமாக வைத்தார். முகம் கல்லாகவே இருந்தது. வலது காது மாத்திரம் மெல்லச் சிவந்தது.

அவர் 12 டாலர் தள்ளினார். ஒவ்வொருவராகச் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். ஒருவர் நமக்கென்று போட்டுக் கொடுத்த சீட்டை வேண்டாமென்று திருப்பித் தள்ளுவது, இலையில் பரிமாறியதை ஒதுக்கி வைப்பது போல மரியாதைக் குறைவாகப் பட்டதால், நானும் 12 டாலர் வைத்தேன். பொதுவில் ஆடுதன் ஏழு, இஸ்பேட் ராஜா, கிளாவர் நாலு வந்தன. என் ஏழுக்கு ஜோடி கிடைத்த சந்தோஷத்தில் அவர் கேட்ட 30 டாலரையும் வைத்தேன். அடுத்த சீட்டு ஒன்பது, யாருக்கும் பிரயோஜனமில்லை. நதியாக வந்து விழுந்தது இஸ்பேட் இரண்டு. அவர் தம் வில்லைகள் முழுவதையும் முன்னே தள்ள, நானும் மிச்சமிருந்ததைத் தள்ளினேன். அவர் மலர்த்தியவை இரண்டு ஆஸ். 221 தடவைக்கு ஒரு தடவை வருகிற ஐசுவரியம். என்னிடம் ஏழில் ஒரு ஜோடி, இரண்டில் ஒரு ஜோடி. அந்த ஆஸ் ஜோடியும் இந்த ஏழு இரண்டும் நூறு தடவை மோதினால் எண்பத்தெட்டுத் தடவை ஆஸ்தான் ஜெயிக்குமாம். மற்றப் பன்னிரண்டில் ஒன்று அன்றைக்கு வந்தது. 180 டாலரில் கப்பல் 18 டாலர் மகமை எடுத்துக்கொண்டு, 162 டாலரை என் பக்கம் தள்ளிவிட்டது.

"அந்தச் சீட்டை நீங்கள் எதற்காக வைத்துக்கொண்டீர்கள்?" என்று அவர் கேட்டார், குரலில் கோபமில்லை, தத்துவ விசாரம்தான் இருந்தது.

"கொடுத்தார்கள், வைத்துக்கொண்டேன்" என்றேன்.

இந்த வகை மனிதருக்கு ஜெயித்த ஆட்டம் எதுவும் ஞாபகத்தில் தங்குவதில்லை. அநியாயமாகத் தோற்ற ஆட்டம் ஒன்றிருந்தால் அதுவே ஆயுள் பரியந்தம் பாராயணத்துக்குப் போதும். மூன்றாம் நாள் காலைப் பலகாரத்தில் நான் 'யாரோ ஓர் இந்தியர்'. நாலாம் நாள், 'கணிதப் பேராசிரியராக இருக்கலாம்.' அந்த 162 டாலரும் கைக்காசும் ஏற்கனவே உண்டியலுக்குப் போய்ச் சேர்ந்திருந்த ஐந்தாம் நாளில், கப்பல் கப்பலாகச் சென்று ஒன்றுமறியாதவர் போல நடித்துப் பணம் பறிக்கும் நிபுணராக உயர்ந்திருந்தேன். ஆறாம் நாள் இரவு, அலை மிகுந்து வில்லை அடுக்குகள் மேஜைமேல் நழுவிக்கொண்டிருந்தபோது, கதையைச் சொல்லும் உற்சாகத்தில் ஆள் இன்னாரென்பதையே மறந்து, அவர் அதை ஆதியோடந்தமாக என்னிடமே சொன்னார். நானும் அந்த இந்தியனைக் கண்டித்துப் பேசினேன்.

அன்றைக்குத்தான் மகமைக் கணக்கை அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவருக்குத் தெரிந்தே இருந்தது. என் கணக்கில் ஒரு பிழையைக்கூடத் திருத்தினார். பிறகு வெள்ளி டாலரைத் துடைத்துக்கொண்டே, ஊரில் வியாழக்கிழமை தோறும் தம் வீட்டில் ஆறு பேர் ஆடிக்கொண்டிருந்ததாகவும், இப்போது தாம் ஒருவரே மிச்சம் என்றும் சொன்னார். அதற்குள் டீலர் சீட்டைக் கலைக்கத் தொடங்கிவிட்டதால் சம்பாஷணை அத்தோடு நின்றது.

ஏழாம் நாள் விடியலில் கப்பல் போர்ட் எவர்கிளேட்ஸுக்குள் நுழைந்தது. முந்தின இரவே வரவு செலவைக் கேட்டிருந்தேன். கனவான், டெக்ஸாஸ்காரர், பல் வைத்தியர் மூவரும் தனித்தனியே, "கொஞ்சம் லாபந்தான்" என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த பிரயாணத்துக்குச் சீட்டுப் பதிகிற மேஜையில் நம் கனவானும் அவர் மனைவியும் நின்றதையும் நான் பார்த்திருந்தேன். எந்தெந்தத் துறைமுகம் என்று அவர் கேட்கவில்லை. துறைமுகமே இல்லாத நாள் எத்தனை என்றுதான் கேட்டார். ஏப்ரல் மாதத்தில் அட்லாண்டிக்கைக் குறுக்காகக் கடக்கும் கப்பல் ஒன்றில், நடுவே ஏழு நாள் கரையே தென்படாது என்றார்கள். உடனே முன்பணம் கட்டிவிட்டார். அந்தக் கப்பல் கடைசியில் பார்சலோனாவில் போய் நிற்கும் என்பதை அவருடைய மனைவிதான் எனக்குச் சொன்னார்.