புகைக்குழல் அளவை நூல்

பாயிரம்

தருக்கம் சொல்லித்தரும் ஆசிரியர் எவரும் மாணாக்கரை முதலில் ஒரு மலைக்குத்தான் அழைத்துப்போவார். மலைமேல் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. அடுக்களையில் கண்டோம் அல்லவா, அதுபோல. எத்தனையோ தலைமுறை அந்த மலையைப் பார்த்துத் தேறியிருந்தும், அந்தப் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று கேட்டவர் இல்லை. அதைக் கேட்பதற்கென்றே பிறந்தவை, இன்றைய வேகக் கார்களின் சைலன்ஸர் குழாயில் திருகப்பட்டிருக்கும் சென்சார்கள். அவற்றை வகைப்படுத்துவது இந்நூல்.

நூலின் எல்லை: வடக்கே எக்ஸாஸ்ட் வால்வு, தெற்கே குழாய் முனை. கேட்போர்: செக் எஞ்சின் விளக்கு எரிந்தபின் உறக்கம் வராத கார் உரிமையாளர். பயன்: அந்த உறக்கம் திரும்புதல், திரும்பாவிட்டால், ஏன் திரும்பவில்லை என்று தெளிதல்.

பகுக்கும் முறை

கம்பியின் எண்ணிக்கையால் பகுப்பார் ஒரு சாரார். ஒரு கம்பியில் தொடங்கி ஐந்து வரை போவர். நான்கு கம்பியுள்ள பாஷ் சென்சாரில் வெள்ளை இரண்டும் ஹீட்டருக்கு, கறுப்பு சிக்னலுக்கு, சாம்பல் எர்த்துக்கு என்று நிறமும் சொல்வர்.

இடத்தால் பகுப்பார் இன்னொரு சாரார். போர்ஷே 911இன் படுத்த ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒன்று முதல் மூன்று இடப்புறம், நான்கு முதல் ஆறு வலப்புறம். முதல் சிலிண்டர் உள்ள பக்கம் பேங்க் ஒன்று, எதிர்ப்பக்கம் பேங்க் இரண்டு. ஒவ்வொன்றிலும், புகையின் நஞ்சை முறிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று, ஆக நான்கு.

விலையால் பகுப்பார் மூன்றாம் சாரார். இவர்கள் நான்கில் ஒன்றையாவது சொந்தச் செலவில் மாற்றியவர்கள்.

இம்மூன்றும் சென்சார் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆகும் என்று சொல்லுமே தவிர, அது எப்படி அறிகிறது என்று சொல்லா. அறியும் வழியால் பகுப்பதே நம் முறை. வழிகள் ஆறு: காண்டல், ஒப்பு, இன்மை, பொருள், உரை, கருதல். முன்னோர் இவற்றை வேறு வரிசையில் வைத்தனர். அவர்களிடம் கார் இல்லை.

1. காண்டல்

தொட்டதைத் தொட்டபடி சொல்வது காண்டல். வெப்ப சென்சார் இவ்வகை. இருவேறு உலோகக் கம்பிகள் சேரும் முனை சூடானால் சிறு மின்னழுத்தம் பிறக்கும், அது தெர்மோகப்பிள். சூட்டுக்கேற்ப மின்தடை கூடும் பிளாட்டினம் மற்றொன்று.

டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சினின் புகை ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வரை போகும். டர்பைனைச் சுற்றியுள்ள இதழ்கள் கோணம் மாறும் டர்போ டீசலில் பழகிப்போன பின்னும் பெட்ரோலுக்கு வரத் தயங்கியது இந்தச் சூட்டால்தான். 2006இல் வந்த 911 டர்போவில், அந்த வெப்பம் தாங்கும் கலப்புலோகங்களால் அது கைகூடியது.

ஃபெராரி எஃப்355இன் கன்வர்ட்டர்களில் தெர்மோகப்பிள் உண்டு. கன்வர்ட்டர் கொதித்தால் டாஷ்போர்டில் ‘ஸ்லோ டவுன்’ என்று ஒரு விளக்கு எரியும். நாளடைவில் கன்வர்ட்டர் சூடாகாமலே சென்சாரும் அதன் பெட்டியும் கெட்டு, விளக்கு வீணாக எரிந்ததும் பலர் அறிந்த கதை. மணிக்கு 290 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய காருக்குள் ‘மெதுவாகப் போ’ என்று உபதேசிக்கும் விளக்கை வைத்த துணிச்சலை மட்டும் இங்கே குறித்துவைக்கிறோம். காண்டலும் பிழைபடும் என்பது பெறப்படும் பொருள்.

2. ஒப்பு

தெரிந்த ஒன்றோடு வைத்துத் தெரியாததை அறிவது ஒப்பு. லாம்டா சென்சார் என்கிற ஆக்சிஜன் சென்சார் இதற்கு உரியது. விரல் போன்ற ஜிர்கோனியா பீங்கானின் வெளிப்பக்கம் புகையில் இருக்கும், உட்பக்கம் வெளிக்காற்றில். ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடானால் பீங்கான் வழியே ஆக்சிஜன் அயனிகள் நகரும். இருபுறமும் ஆக்சிஜன் அளவு எவ்வளவு வேறுபடுகிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் எழும். பெட்ரோல் மிகுந்து மிக்சர் ரிச் ஆனால் சுமார் 0.9 வோல்ட், காற்று மிகுந்து லீன் ஆனால் சுமார் 0.1. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது நடுநிலை.

இதன் கணக்கைச் சொன்னவர் வால்டர் நெர்ன்ஸ்ட்; வேதியியலில் 1920ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஜிர்கோனியாவோடு யிட்ரியா சேர்த்து விளக்கு ஒன்றும் செய்தார். குளிர்ந்திருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தாது. முதலில் அதைச் சூடாக்க வேண்டும். அவர் பெரிய கார்ப் பிரியர். தம் விளக்கின் சரக்கே தம் சூத்திரத்தைச் சுமந்துகொண்டு ஒருநாள் கார்களின் புகைக்குழாயில் உட்காரும் என்பதைக் காண அவர் இருக்கவில்லை. பாஷ் செய்த சென்சாரோடு வால்வோ 1976இல் கலிஃபோர்னியாவுக்காகக் கார் இறக்கியபோது அவர் மறைந்து 35 ஆண்டு.

ஒப்பு இருவகை. குறுகிய வகை ‘மிகை’ அல்லது ‘குறை’ என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று கேட்டால் விழிக்கும். அகன்ற வகை, அதாவது வைட்பேண்ட், தனக்குள் ஒரு சிறு அறையை வைத்து, அதன் ஆக்சிஜனை உள்ளே இழுத்தும் வெளியே தள்ளியும் எப்போதும் 450 மில்லிவோல்ட்டிலேயே நிறுத்தும். அதற்குச் செலவான மின்னோட்டமே விடை. வேகக் காரில் முன்னால் நிற்பது அகன்றது, பின்னால் நிற்பது பெரும்பாலும் குறுகியது.

உட்பக்கத்துக்கு வெளிக்காற்று எப்படிப் போகிறது? பல சென்சார்களில் கம்பியின் உறைக்குள் உள்ள இடைவெளி வழியாக. ஆகவே கனெக்டரில் பரிவோடு கிரீஸ் தடவும் மெக்கானிக், சென்சாரின் மூக்கை அடைக்கிறார்.

3. இன்மை

இல்லாததைக் கொண்டு இருப்பதை அறிவது இன்மை. பின்னால் உள்ள சென்சார் இவ்வகைக்குத் தனி உடைமை. எஞ்சினை ஆளும் கணினியாகிய ஈசியூ மிக்சரைச் சற்றே ரிச்சும் சற்றே லீனுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். முன் சென்சாரிடம் அந்த ஆட்டம் தெரியும். கன்வர்ட்டரில் பூசிய சீரியம் ஆக்சைடு, மிஞ்சிய ஆக்சிஜனை வாங்கி வைத்துக் குறைந்தபோது கொடுக்கும். ஆகவே கன்வர்ட்டர் நலமாக இருந்தால் பின் சென்சாரில் ஆட்டம் இராது. கோடு தட்டையாகப் போகும். அந்த ஆட்டம் அங்கும் தெரியத் தொடங்கிவிட்டால் பி0420 என்ற பிழைக்குறி விழும். இரண்டாம் பேங்க் என்றால் பி0430.

ஒன்றும் நடக்கவில்லை என்று அறிக்கை கொடுப்பதே முழுநேர வேலையாக உள்ள ஊழியன், நடந்ததை எழுதியவுடன் வேலையிழப்பது இந்த ஒரு துறையில்தான். விளக்கு எரிந்ததும் முதலில் கழற்றி வீசப்படுவது அந்தச் சென்சார்தான்; கெட்டது கன்வர்ட்டர்.

4. பொருள்

தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனால் பருத்திருக்கிறான். ஆகவே இரவில் உண்கிறான். இது பொருள் என்னும் அளவைக்கு வழிவழி வரும் காட்டு. வேகக் காரின் தேவதத்தன் பெட்ரோல் துகள் வடிகட்டி.

நேரடி ஊசியால் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின் நுண்கரியை உமிழும். ஐரோப்பிய விதி கிலோமீட்டருக்கு 600 பில்லியன் துகளே விடலாம் என்றது. அதனால் 911 முதலிய கார்களின் ஐரோப்பிய வடிவங்களில் வடிகட்டி ஏறியது. வடிகட்டிக்குள் கரி எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க ஒருவரும் உள்ளே போவதில்லை. முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை ஒரு சென்சார் சொல்லும். புகை இவ்வளவு போகிறது, அழுத்தம் இவ்வளவு ஏறுகிறது. ஆகவே கரி உண்டு.

இதன் மறுதலையும் கொள்க. புகை போகிறது, அழுத்த வேறுபாடே இல்லை என்றால், வடிகட்டி அங்கே இல்லை. ஒலி கம்மியாகிவிட்டதென்று வருந்திய உரிமையாளர் இரவில் அதைக் கழற்றியிருக்கிறார்.

5. உரை

நம்பத்தக்கவர் எழுதி வைத்ததை நம்புவது உரை. காரில் நம்பத்தக்கவர், தொழிற்சாலையில் உட்கார்ந்து ஈசியூவுக்கு அட்டவணை எழுதிய பொறியாளர். பல கார்களில் புகையின் வெப்பம் அளக்கப்படுவதே இல்லை. காற்று, சுழற்சி, இக்னிஷன் நேரம் ஆகியவற்றைக் கொண்டு இவ்வளவு இருக்கும் என்று கணக்கு சொல்லும். அது 1000 டிகிரியை நெருங்குவதாகச் சொன்னால், டர்போவையும் கன்வர்ட்டரையும் காக்க ஈசியூ கூடுதல் பெட்ரோல் ஊற்றிப் புகையைக் குளிர்விக்கும். இல்லாத சென்சாரின் சொல் கேட்டு இருக்கும் பெட்ரோல் தீர்கிறது.

இந்தப் பழக்கத்தை விடச்சொல்லி மாசு விதிகள் நெருக்கின. 2024இல் வந்த 911 கரேரா ஜிடிஎஸ், மின்மோட்டார் இணைந்த ஒற்றை டர்போவுடன், எல்லாச் சுழற்சியிலும் எல்லாச் சுமையிலும் லாம்டா ஒன்றிலேயே, அதாவது முன்சொன்ன நடுநிலையிலேயே, நிற்பதாகப் போர்ஷே அறிவித்தது. வேகம் பெருக்குவோர் நடுநிலையை நோன்பாக ஏற்றது இந்நூற்றாண்டின் அதிசயங்களுள் ஒன்று.

6. கருதல்

மேற்கண்டவற்றைச் சேர்த்து முடிவு கட்டுவது கருதல். இதைச் செய்வது ஈசியூ. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும், காரே தன் கோளாறைச் சொல்லும் ஓபிடி-2 முறை வந்தபின், அந்த முடிவுகளை ஸ்கேனர் வைத்திருக்கும் எவரும் படிக்கலாம். படிப்பது எளிது, பொருள் கொள்வது அரிது. அதற்கு, சான்று போலத் தோன்றி ஏமாற்றும் போலிகளை அறிய வேண்டும்.

போலிகள்

முதலாவது ஓட்டைப் போலி. மேனிஃபோல்டில் விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே நுழையும். சென்சார் ‘லீன்’ என்னும்; ஈசியூ பெட்ரோல் கூட்டும். பசியாத வயிற்றுக்குச் சோறு.

இரண்டாவது மிஸ்ஃபயர் போலி. பிளக் பொறி விடாமல் போனால் அந்தச் சிலிண்டரின் பெட்ரோலும் எரியாது, ஆக்சிஜனும் எரியாது. சென்சாருக்கு ஆக்சிஜன் மட்டுமே தெரியும். ஆகவே பச்சைப் பெட்ரோல் வழிந்து போகும்போதே பெட்ரோல் போதவில்லை என்று சாட்சி சொல்லும். அந்தப் பெட்ரோல் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் இதுவே பொருள். அப்போது ஓட்டுவதை நிறுத்துக.

மூன்றாவது நஞ்சுப் போலி. சிலிகோன் பசையின் ஆவி, எஞ்சினுக்குள் கசியும் கூலண்ட், ஈயம் கலந்த பெட்ரோல் ஆகியவை பீங்கானின் முகத்தை மூடும்.

நான்காவது வேண்டுமென்றே செய்வது. கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டுப் பின் சென்சாரை ஒரு நீட்டுக்குழலில் ஏற்றிப் புகையோட்டத்திலிருந்து விலக்கி வைப்பர். கோடு தட்டையாகும். சாட்சியைத் திண்ணையில் உட்காரவைத்து உள்ளே நடந்ததைக் கேட்பது இது.

ஐந்தாவது உரைப் போலி. ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களில் சென்சார் எதுவும் பொய் சொல்லவில்லை. சோதனை நடப்பதை உணர்ந்து நடத்தையை மாற்றும்படி மென்பொருளில் எழுதியிருந்தார்கள். 2015 செப்டம்பரில் அது ஊரறிந்தது.

ஒரு தடையும் விடையும்

‘பிஎம்டபிள்யூவின் என்53 போன்ற லீன் எஞ்சின்களில் நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் இருந்ததே, அது நஞ்சையே நேரில் கண்டதன்றோ?’ என்பார்க்கு விடை: காணவில்லை. அதன் முதல் அறை இயல்பான ஆக்சிஜனை வெளியேற்றும். அடுத்த அறை நைட்ரிக் ஆக்சைடை உடைக்கும். உடைந்ததிலிருந்து வரும் ஆக்சிஜனைத்தான் அது எண்ணும்.

இதுவே இந்நூலின் துணிபு. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன் ஆகியவற்றைத் தடுக்கவே இத்தனை ஏற்பாடும்; ஆனால் அவற்றை நேரில் அறியும் சென்சார் அந்தக் குழாயில் ஒன்றும் இல்லை. ஆக்சிஜனும் சூடும் அழுத்தமும் கேட்டு, நஞ்சு இராது என்று கருதிக்கொள்கிறோம். ஜெர்மனியில் புதிய கார்கள் பலவற்றுக்கு ஓபிடி சொல்வதைப் படித்தே புகைச் சான்று கொடுத்துவந்தார்கள். 2018 ஜனவரி 1 முதல் எல்லாக் கார்களுக்கும் குழாய் முனையில் கோல் விட்டு அளப்பது மீண்டும் கட்டாயமானது. அந்தக் கோல்தான் நஞ்சை நேரில் காண்பது.

புறனடை

டீசல்காரர்களின் கரி சென்சார் முதலாக இங்கே சொல்லாமல் விட்டவற்றைச் சொன்னவற்றுள் அடக்கிக்கொள்க. யூரோ 7 விதி 2026 நவம்பர் 29 முதல் ஐரோப்பாவின் புதிய கார் மாடல்களுக்கு வருகிறது. ஓடும் காலமெல்லாம் காரே தன் புகையைக் கண்காணித்துக் கணக்கு வைக்க வேண்டும் என்கிறது அது. அதற்கு ஆறு அளவையும் போதாமல் போனால், ஏழாவதற்குக் குழாயில் ஒரு துளை போட்டு வைப்பது உரிமையாளர் கடன்; துளைக்கும் செலவு அவருடையதே.