செப்பனிட்டுக் கெடுத்த பாதை

பிராங்க்ளின் டவுன்ஷிப்,
நியூ ஜெர்ஸி.

சித்தப்பா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. "வாசலில் இரண்டு கார் நிற்கும்போது, ஊரில் மோட்டார் சைக்கிள் வாங்குகிற விலையைக் கொடுத்து, மிதிக்கிற சைக்கிள் எதற்காக வாங்கினாய்?" என்று தாங்கள் கேட்டிருப்பது நியாயமான கேள்விதான். இதே கேள்வியை என் சம்சாரம் முன்னமே கேட்டுவிட்டாள். நான் சொன்ன சமாதானம் அவளுக்குத் திருப்தி தரவில்லை. ஆயினும், பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து, ஏரிக்கரைகளையும் ரஸ்தாக்களையும் மழைக்கும் கன்ட்ராக்டர்களுக்கும் தப்புவித்துக் காப்பாற்றிய தங்களுக்கு இந்த விஷயம் ஒருவேளை ரசிக்கக்கூடும் என்ற தைரியத்தில், சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

முதலில் சைக்கிளின் ஸ்வரூபம். தாங்கள் வேலை பார்வையிடப் போகும் அந்தப் பச்சை ராலேயிலிருந்து மட்கார்டு, செயின் கவர், காரியர், ஸ்டாண்டு, டைனமோ விளக்கு ஆகிய உபயோகமுள்ள சகல பாகங்களையும் கழற்றி எறிந்துவிட்டால் மிஞ்சுவது எதுவோ, அதற்குத்தான் இங்கே ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறார்கள். கழற்றியதற்கு ஈடாகச் சில அற்புதங்களும் செய்திருக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. முன்சக்கரத்துக் கவடு கல்லில் மோதும்போது தானாகவே சுருங்கி நீள்கிறது. கைப்பிடியில் உள்ள ஒரு விசையைக் கட்டைவிரலால் அழுத்தினால், இறக்கத்துக்குத் தோதாக ஸீட்டு சரேலென்று கீழே இறங்கிவிடுகிறது. டயருக்குள் டியூப் என்ற வஸ்துவே கிடையாது, முள் தைத்த துவாரத்தைத் தானே அடைத்துக்கொள்ளும் ஒரு திரவத்தை ஊற்றி வைத்திருக்கிறார்கள். இத்தனை சிறப்பு வாய்ந்த வாகனத்தில் ஏறிக்கொண்டு வீட்டிலிருந்து புறப்படுவார்கள் என்று தாங்கள் நினைத்தால் அதுதான் இல்லை. காரின் பின்புறத்தில் ஒரு சட்டத்தில் அதை மாட்டி, வாரினால் இறுகக் கட்டி, கண்ணாடியாய்க் கிடக்கும் தார் ரஸ்தாவிலே காரோட்டிப் போய், ரஸ்தா முடிந்து கல்லும் வேரும் ஆரம்பமாகிற இடத்தில்தான் அதைப் பயபக்தியோடு இறக்கி ஏறிக்கொள்கிறார்கள்.

இந்தப் பைத்தியத்தின் பூர்வோத்தரத்தை விசாரித்தேன். கலிபோர்னியாவில், ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு வடக்கே மரின் ஜில்லாவில் சில வாலிபர்கள், அவர்கள் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்ட பருமனான டயர்ச் சைக்கிள்களைப் பழைய சாமான்களோடு கிடந்த இடத்திலிருந்து மீட்டு, மலையிலிருந்து மண்பாதை வழியாகத் தலைதெறிக்க இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். ஒரு தரம் இறங்குவதற்குள் அதிலுள்ள கிரீஸ் முழுவதும் புகைந்து போய்விடுமாம். 1976 அக்டோபர் 21-ஆம் தேதி அதற்கு ஒரு பந்தயமும் நடத்தினார்கள். மறு வருஷமே ஜோ பிரீஸ் என்பவர் இந்தக் காரியத்துக்கென்றே ஒரு சைக்கிள் சட்டத்தைப் பற்றவைத்துச் செய்தார். 1981-ல் கம்பெனிக்காரர்கள் பாக்டரியிலேயே செய்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கேட்பானேன்?

நான் சைக்கிள் விடப் போகும் காட்டின் கதை தங்களுக்கு இன்னும் ரசமாக இருக்கும், ஏனெனில் அது ஒரு கட்டப்படாத ஏரியின் கதை. எங்கள் டவுன்ஷிப்பில் ஸிக்ஸ் மைல் ரன் என்று ஓர் ஓடை இருக்கிறது. 1970-ஐ ஒட்டிய வருஷங்களில், அதன் குறுக்கே அணை போட்டு நீர்த்தேக்கம் அமைக்கப் போகிறோம் என்று ராஜ்ய சர்க்கார் 3,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை, அதிலிருந்த பண்ணைகளோடு கையகப்படுத்தியது. நிலம் வந்தது, ஏரி வரவில்லை. குடிநீருக்கு வேறு வழிகள் கிடைத்துவிட்டன என்று திட்டத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போய், கடைசியில் நிலத்தைப் பூங்கா இலாகாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். சர்க்கார் எடுத்த நிலம் சும்மா கிடப்பது நமக்கொன்றும் புதிதல்லவே என்பீர்கள், வாஸ்தவம். ஆனால், சுற்றிலும் வீட்டு மனைகளும் கடைத்தெருக்களும் நெருக்கி வந்த காலத்தில், வராத ஏரி ஒன்று இத்தனை ஏக்கர் வயலையும் வனத்தையும் வேலியிட்டாற்போல் காத்துக் கொடுத்திருக்கிறது என்பதை நினைக்கையில், சில திட்டங்கள் நிறைவேறாமல் இருப்பதே தேசத்துக்குச் செய்யும் உபகாரமென்று தோன்றுகிறது. தாங்கள் ரிடையராகிவிட்டபடியால் இதைத் தைரியமாக எழுதுகிறேன்.

காட்டுக்கு மேற்கே டெலவேர்–ராரிடன் கால்வாய் போகிறது. போர்டன்டவுனிலிருந்து நியூ பிரன்ஸ்விக் வரை 44 மைல். பெரும்பாலும் ஐரிஷ் கூலிகள் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு வெட்டி, 1834-ல் திறந்தது. படகுகளைக் கோவேறு கழுதைகள் இழுத்துச் சென்ற கரைப்பாதையில் இன்று குழந்தைகளும் கிழவர்களும் ஆனந்தமாகச் சைக்கிள் விடுகிறார்கள். மேடு பள்ளம் இல்லாத அந்தப் பாதையை எங்கள் மலைச் சைக்கிள் கோஷ்டியார் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அவர்கள் தேடுவது கெட்ட பாதை. ஆனால் அந்தக் கெடுதல் சாஸ்திரோக்தமாக அமைந்திருக்க வேண்டும். ஜெர்ஸி ஆஃப் ரோடு பைசைக்கிள் அசோசியேஷன் என்றொரு சங்கம் இருக்கிறது. வார நாட்களில் கம்ப்யூட்டர் எழுதுகிறவரும் பல் பிடுங்குகிறவரும் சனிக்கிழமை விடிந்ததும் கூலி வாங்காத கூலிகளாகக் காட்டில் கூடி, ஒரு முனை கோடரியும் மறுமுனை மண்வெட்டியுமான புலாஸ்கி என்ற ஆயுதத்தை ஏந்தி, வழியைச் செப்பனிடுகிறார்கள். செப்பனிடுவதாவது, தாங்கள் ஆள் வைத்து அப்புறப்படுத்தும் பாறையை இவர்கள் நாலு பேராக உருட்டிக்கொண்டு வந்து நடுப்பாதையில் புதைப்பது. விழுந்த மரத்தை அறுத்து எறியாமல், மேலே சின்னக் கட்டைகளை அடுக்கி, சைக்கிள் ஏறி இறங்கும்படி விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு மரத்தின் அருகில் குனிந்து பார்த்தேன்: பட்டை உரிந்து வழவழத்துப்போன முதுகிலே, தாண்டத் தவறிய சைக்கிள்களின் பல்சக்கரங்கள் கடித்த வரிசை வரிசையான தழும்புகள், புதியவை வெளுப்பாகவும் பழையவை கறுத்தும் இருந்தன.

இதையெல்லாம் நகைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்த நான், அவர்கள் தண்ணீரை விரட்டும் வித்தையைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டேன். தாங்கள் ரஸ்தாவின் நடுவை உயர்த்தி இருபுறமும் கேம்பர் கொடுப்பீர்கள். இவர்களோ, மலைச்சரிவில் வெட்டிய பாதையைப் பள்ளப்பக்கமாக மட்டும் நூற்றுக்கு ஐந்து வீதம் சாய்க்கிறார்கள். பக்கவாட்டில் கால்வாய் கிடையாது, ஏனென்றால் இலை அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்ய ஆள் கிடையாது. பாதையின் ஏற்றம் மலைச்சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சராசரியில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக் கூடாது. அங்கங்கே பாதையைச் சற்றே தாழ்த்தி உயர்த்தி, ஓடிவரும் நீர் வேகம் பிடிப்பதற்குள் வெளியேறும்படி செய்கிறார்கள். 1988-ல் தோன்றிய அகில உலக மலைச் சைக்கிள் சங்கம் இதற்கென்று ஒரு கிரந்தமே வெளியிட்டிருக்கிறது. டெண்டரும் இல்லை, அளவுப் புத்தகமும் இல்லை, பில்லும் இல்லை. ஆயினும் கேம்பர் சரியாக இருக்கிறது.

ஆசாரங்களும் நிரம்ப உண்டு. இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும். சைக்கிள்காரன் நடக்கிறவருக்கு விட வேண்டும். எல்லோரும் குதிரைக்கு விட வேண்டும். குதிரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாக நின்று, இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக நிற்கும் பிராணி மனுஷன்தான் என்று குதிரைக்கு அப்போதுதான் நிச்சயமாகும். அன்று ஓர் அம்மாள் குதிரைமேல் வந்தாள். குதிரை என்னைக் கண்டு காதை விறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அவசரத்தில் என் வாயில் இங்கிலீஷ் வரவில்லை. "ஒன்றுமில்லையடா கண்ணா, நீ பாட்டுக்குப் போ" என்றேன். காதைத் தளர்த்தி, ஒரு தரம் கனைத்துவிட்டு, பரம சாதுவாக என்னைக் கடந்து போயிற்று. அந்த அம்மாள்தான் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஆபத்துக்கள் பற்றிச் சித்தியிடம் சொல்ல வேண்டாம். மூன்று மூன்று இலையாகத் துளிர்க்கும் கொடியொன்று வழியெங்கும் இருக்கிறது. வில்வமென்று கை வைத்தால் வாரக்கணக்கில் உடம்பெல்லாம் கொப்புளம். கசகசாவைவிடப் பெரிதில்லாத உண்ணியும் உண்டு. அது கடித்தால் லைம் ஜுரம் வரலாம் என்று, காட்டிலிருந்து திரும்பியதும் என் சம்சாரம் விளக்கைப் பிடித்துக்கொண்டு என் முதுகைச் சோதனை போடுகிறாள். அப்போது அவள் சைக்கிளைப் பற்றிச் சொல்லும் வார்த்தைகள் கடிதத்தில் எழுதத் தக்கவையல்ல.

எல்லாவற்றிலும் பெரிய பாவம், ஈரத்தில் ஓட்டுவது. இங்குள்ள மண் செக்கச் செவேலென்ற ஷேல் மண். மழை பெய்தால் களியாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் அந்தத் தடமே வாய்க்காலாகிவிடும். ஆகையால் மழை விட்டும் இரண்டு மூன்று நாள் ஒருவரும் போவதில்லை. போகிற இடத்தில் சேறு தட்டுப்பட்டாலும் சுற்றிக்கொண்டு போகலாகாது, ஒற்றையடிப் பாதை அகன்றுவிடும்; நடுச்சேற்றிலேயே இறங்கிப் போக வேண்டும்.

இப்பொழுது தங்களிடம் ஒரு காரியம். சிவப்புக் குறியிட்ட பாதையில் ஓடையைத் தாண்டியதும் ஓரிடத்தில் அடியிலிருந்தே நீர் கசிந்துகொண்டிருக்கிறது. கல் பாவினார்கள், கல் அமிழ்ந்துவிட்டது. பலகைப் பாலம் போடலாமென்கிறார் ஒருவர். பாதையையே மேட்டுக்கு மாற்ற வேண்டுமென்கிறார் இன்னொருவர். என் சித்தப்பா ஓவர்சியர் என்று நான் வாய்விட்டுச் சொன்னதிலிருந்து, தங்கள் அபிப்பிராயம் வரட்டுமென்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். அகலம் இரண்டடி, கசியும் நீளம் சுமார் பன்னிரண்டு அடி, மேட்டுப்பக்கம் ஓக் மரங்கள். மரத்தை வெட்ட அனுமதி இல்லை. ஒரு படம் போட்டு அடுத்த தபாலிலேயே அனுப்ப வேண்டியது, எஸ்டிமேட் தேவையில்லை.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன் மகன்.